ஆளில்லாத சுக்கான்

1992ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியே செல்லவேண்டியவர்கள் கிளாலிக் கரையில் வந்து காத்திருந்து, இருட்டிய பின்னர் கடல்நீரேரியைப் படகில் கடந்து பூநகரிப் பக்கம் இறங்குவது வழக்கமாகியிருந்தது. கலைப் பட்டத்தை முடித்துக்கொண்டு பத்திரிகையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத நானும் அவ்வாறு ஓர் இரவு படகேறினேன்.

பைபர் வள்ளம். பின்னணியத்தில் ஒரு வெளியிணைப்பு இயந்திரம். பன்னிரண்டு பேர் வரை ஏறியிருந்தோம். எனக்கு எதிரே ஒரு தாய், பக்கத்தில் ஏழெட்டு வயது மதிக்கத்தக்க அவரது மகன். வெளிச்சம் காட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று படகோட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். நீரேரியில் கடற்படைப் படகுகள் நடமாடும் என்பதால் அதற்கு விளக்கம் எவரும் கேட்கவில்லை.

வெளியிணைப்பு இயந்திரத்தின் கைபிடி இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதை இடம் வலமாகத் தள்ளினால் படகு திரும்பும். மோட்டார் சைக்கிளின் பிடியைப் போல முறுக்கினால் வேகம் கூடும் அல்லது குறையும். எங்கள் படகோட்டி அந்த வேகப்பிடியைச் சைக்கிள் ரியூப் துண்டொன்றினால் இறுகக் கட்டியிருந்தார். ஏறும்போதே அதைக் கண்டேன். கண்டேனேயன்றி அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

பாதி வழியில் ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. எரிபொருள் கலன் சரிந்தது. படகோட்டி கைபிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கலனைப் பிடித்தார். அடுத்த கணம் இயந்திரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பியது. படகு முழு வேகத்தில் வெட்டி வளைந்தது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். எழுந்து பார்த்தபோது அந்தச் சிறுவன் படகில் இல்லை.

படகு நிற்கவில்லை. வட்டமாகச் சுற்றி, சிறுவன் விழுந்த இடத்தை நோக்கியே திரும்பி வந்தது. தாயின் அலறலைவிட எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்த இயந்திரத்தின் மாறாத ஒலிதான். எதுவுமே நடக்காததுபோல அது ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. படகோட்டி தவழ்ந்து சென்று நிறுத்தும் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். படகு வேகம் தணிந்து சிறுவனை ஒரு முழ இடைவெளியில் கடந்து சென்றது. உதவிக்கு வந்த இளைஞர் குதித்து அவனைத் தூக்கினார். பிள்ளைக்குக் காயம் எதுவுமில்லை.

கரையேறியபின் படகோட்டியிடம் கேட்டேன். "அண்ணை, அந்தப் பிடியை ஏன் கட்டி வைச்சிருக்கிறியள்?"

"தம்பி, இது மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சின். கை தளர்ந்தா நிண்டுபோம். நடுவில நிண்டா ஆர் வந்து எழுப்பித் தாறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த குடாநாட்டில் எல்லா வாகனங்களும் மண்ணெண்ணெயில்தான் இருமிக்கொண்டு ஓடின. நடு நீரேரியில் இயந்திரம் நின்றால் அதை மீண்டும் இயக்குவதற்குள் என்னவும் நடக்கலாம். ஆயினும், கையை விட்ட பின்னரும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் படகு என் மனதை விட்டு அகலவில்லை. பின்னாளில் கடல் விபத்துகள் பற்றி எங்கு எதைக் காணினும் வாசிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டதற்கு அந்த இரவே காரணம். அவ்வாறு அறிந்துகொண்டவற்றில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

பாய்க்கப்பல் காலத்தின் பாதுகாப்பு

ஆளில்லாத சுக்கான் என்பது புதிய பிரச்சினை அன்று. ஆனால் பாய் விரித்து ஓடிய காலத்தில் அது இன்றுபோல உயிர்கொல்லியாக இருக்கவில்லை. சிறிய பாய்ப்படகுகளைக் கட்டுவோர் அவற்றைச் சற்றே காற்றை நோக்கித் திரும்பும் இயல்புடையவையாகவே அமைப்பார்கள். பக்கக் காற்றில் ஓடும்போது சுக்கானைப் பிடித்திருப்பவர் அந்த இயல்பை எதிர்த்துத் தன் கையால் சிறிது அழுத்திக்கொண்டிருக்கவேண்டும். அவர் தூங்கிவிட்டாலோ தவறி விழுந்துவிட்டாலோ அழுத்தம் நீங்கும். படகு தானாகவே காற்றுக்கு முகம்கொடுக்கும். பாய் படபடத்து வலுவிழக்கும். படகு ஏறக்குறைய நின்றுவிடும்.

அதாவது, மனிதக் கை இருக்கும்வரை ஓடுவது, கை எடுபட்டால் நிற்பது என்னும் ஒழுங்கு படகின் உடலிலேயே இருந்தது. பின்காற்றில் ஓடும்போது இது பொருந்தாது, அப்போது பாய் திடீரென மறுபக்கம் வீசிப் பேராபத்தை விளைவிக்கலாம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனினும் பொதுவாக நோக்கின், பாய்ப்படகு தன்னை ஓட்டுபவனை விட்டுவிட்டு நெடுந்தூரம் ஓடுவதில்லை.

சுக்கானை விட்டுவிட்டும் நேராக ஓடவேண்டுமாயின் அதற்குப் பாய்களைத் துல்லியமாகச் சமன்செய்து சுக்கானைக் கட்டவேண்டும். அது ஒரு கலை. அக்கலையில் புகழ்பெற்றவர் ஜோசுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பொஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற 36 அடி 9 அங்குல நீளப் படகில் தனியே புறப்பட்ட அவர், 1898 ஜூனில் உலகைச் சுற்றி முடித்தார். தனியாக உலகை வலம்வந்த முதல் மாலுமி அவரே. அவுஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்து சமுத்திரத்தின் கீலிங் தீவுகள் வரையான சுமார் 2,700 மைல்களை அவர் 23 நாட்களில் கடந்தார். அத்தனை நாட்களிலும் சுக்கானைத் தாம் கையால் பிடித்திருந்தது மொத்தமாக மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு என்று தமது நூலில் எழுதியிருக்கிறார். படகு தன் சமநிலையால் பாதை காத்தது. காற்று மாறினால் படகும் மாறும். கட்டிவைத்த சுக்கான் ஸ்லோகத்துக்கு அறிவின் விளைவு. எங்கள் படகோட்டிக்குக் கட்டிவைத்த வேகப்பிடி நெருக்கடியின் விளைவு. இரண்டுக்குமிடையில் நிகழ்ந்தது இயந்திரத்தின் வருகை.

இருவர் பணி ஒருவரிடம்

நீராவிக் கப்பல்கள் வந்தபோது சுக்கானும் வேகமும் இரு வேறு இடங்களுக்குப் பிரிந்தன. சுக்கான் மேலே, இயந்திரம் கீழே. மேலே நிற்கும் அதிகாரிக்கு இயந்திரத்தைத் தொடும் வழியே இல்லை. முதலில் மணியடித்தும் குழாய் வழியாகக் குரல்கொடுத்தும் கட்டளையிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிவர்பூலின் சட்பேர்ன் நிறுவனம் செய்த கட்டளைத் தந்திகள் பரவலாயின. பழைய கப்பல் திரைப்படங்களில் 'முழு வேகம்', 'பாதி வேகம்', 'நிறுத்து' என்று எழுதிய வட்டத் தகட்டின்மீது பித்தளைப் பிடியொன்றைத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அன்று, செய்தி அனுப்பும் கருவி. கீழேயுள்ள பொறியியலாளர் தமது பிடியை அதே இடத்துக்கு நகர்த்தி 'விளங்கிக்கொண்டேன்' என்று பதில் அனுப்புவார். அதன் பின்னரே நீராவி வால்வைத் திருப்புவார்.

இந்த ஏற்பாடு மந்தமானது. ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என இரண்டு விழித்த மனிதர்கள் எப்போதும் இருந்தார்கள். ஒருவரது கட்டளை மற்றவரால் திருப்பிச் சொல்லப்பட்டது.

சிறு படகுகளுக்கு இயந்திரம் வந்தபோது இருவர் பணியும் ஒருவரது ஒரே கையில் வந்து சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கமரன் வோட்டர்மன் என்பவர் படகின் பின்பலகையில் மாட்டக்கூடிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நோர்வேயில் பிறந்து விஸ்கொன்சின் மாநிலத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் தமது இயந்திரத்தை வெளியிட்டார். ஒன்றரைக் குதிரைவலு, 62 இறாத்தல் எடை. துடுப்பு வலிக்கும் சிரமத்தைப் போக்கிய இக்கருவி மிக விரைவில் பரவியது.

அந்த ஆரம்பகால இயந்திரங்கள் பலவற்றில் நடுநிலை கியர் என்று ஒன்று இல்லை. இயந்திரம் உயிர்பெற்ற கணமே விசிறியும் சுழலும், படகும் பாயும். 1940களின் இறுதிவரை சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை இவ்வாறே இருந்தன. ஒன்றரைக் குதிரைவலுவில் இது பெரிய ஆபத்தாகத் தோன்றியிராது. ஓடிப்போகும் படகை நீந்திப் பிடிக்க முடியாவிட்டாலும், அது எவரையும் வெட்டிக் கொல்லும் வேகத்தில் செல்லவில்லை. பின்னர் குதிரைவலு பத்தாகி, நாற்பதாகி, முந்நூறாகியது. கைபிடியின் அடிப்படை இயல்பு மட்டும் மாறவில்லை. மோட்டார் சைக்கிளின் முறுக்குப் பிடி கையை விட்டதும் சுருள்வில்லால் இழுக்கப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காரின் மிதியும் அவ்வாறே. படகின் வேகப்பிடி அப்படியன்று. எந்த இடத்தில் விடுகிறோமோ அந்த இடத்திலேயே நிற்கும். பல மணித்தியாலங்கள் ஒரே வேகத்தில் செல்லவேண்டிய படகோட்டியின் கை வலிக்காதிருக்கச் செய்த வசதி அது. பிடியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணியும் வைத்திருக்கிறார்கள். ரியூப் துண்டுகூடத் தேவையில்லை.

கையை விட்டதும் படகு ஏன் நேராகச் செல்லாமல் வட்டமிடுகிறது? விசிறி நீரைச் சுழற்றும்போது அதன் எதிர்விசை இயந்திரத்தை எப்போதும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. கை பிடித்திருக்கும்வரை அது தெரிவதில்லை. கை விலகியதும் இயந்திரம் அந்தப் பக்கம் முழுவதுமாகச் சாய்கிறது. படகு குறுகிய வட்டத்தில் சுழல்கிறது. உள்ளே நிற்பவர்கள் வெளியே எறியப்படுகிறார்கள். சுழலும் படகு அவர்கள் விழுந்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் வருகிறது. நிமிடத்துக்கு 2,400 தடவை சுழலும் மூன்று இதழ் விசிறியொன்று ஒரு செக்கனில் ஓரிடத்தை 120 தடவை வெட்டிச் செல்லும். கிளாலியில் அந்தச் சிறுவனை ஒரு முழ இடைவெளி காப்பாற்றியது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

இறந்தவனின் கைபிடி

இந்தப் பிரச்சினைக்குத் தரையில் ஒரு விடை ஏற்கெனவே காணப்பட்டிருந்தது. மின்சார ட்ராம் வண்டிகளும் மின்சார ரயில்களும் வந்தபோது, ஒரே சாரதி தனியே வண்டியைச் செலுத்தும் நிலை தோன்றியது. அவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? அழுத்திப் பிடித்திருந்தால் மட்டுமே வண்டி ஓடும், விட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தடை விழும் என்றவாறு கைபிடியை அமைத்தனர். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் கொடூரமானது: இறந்தவனின் கைபிடி. பாய்ப்படகு இயல்பாகவே செய்ததை இயந்திரத்துக்குச் செயற்கையாகக் கற்பிக்கும் முயற்சி என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் இக்கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தன்மீது ஒரு பாரம் இருக்கிறதா, இல்லையா என்பதே அது. அந்தப் பாரம் விழித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 1975 பெப்ரவரி 28ஆம் திகதி லண்டன் மூர்கேற் நிலையத்தில் ஒரு சுரங்க ரயில் நிற்காமல் சென்று சுரங்கத்தின் முடிவுச் சுவரில் மோதியதில் 43 பேர் உயிரிழந்தனர். இறுதிவரை சாரதியின் கை கைபிடியிலேயே இருந்தது. ஏன் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. 2003 ஜனவரி 31ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வோட்டர்போல் அருகே ரயிலொன்று தடம்புரண்டதில் சாரதி உட்பட ஏழு பேர் இறந்தனர். சாரதிக்கு மாரடைப்பு ஏற்பட்டிருந்தது. செயலிழந்த அவரது கால்களின் பாரமே மிதியை அழுத்திப் பிடித்து ரயிலை ஓடவைத்தது என விசாரணையில் தெரியவந்தது.

ஒரு முழக் கயிறு

படகுகளுக்கு இதே சிந்தனையில் வந்ததுதான் நிறுத்துக் கயிறு. மிக எளிமையானது. தொலைபேசிக் கம்பியைப் போலச் சுருண்ட, பெரும்பாலும் சிவப்பு நிறமான கயிறு. ஒரு முனையிலுள்ள கவ்வி இயந்திரத்தின் ஆளியில் செருகப்பட்டிருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் தமது காலிலோ மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ கொளுவிக்கொள்ளவேண்டும். அவர் இடம்பெயர்ந்தால் கவ்வி கழன்றுவிடும். இயந்திரம் நின்றுவிடும். இறந்தவனின் கைபிடியைவிட ஒரு வகையில் இது மேலானது. செயலிழந்த உடலின் பாரத்தால் இதனை ஏமாற்ற முடியாது. ஓட்டுபவர் படகைவிட்டு எறியப்பட்டால் கயிறு நிச்சயம் இழுபடும்.

ஒரேயொரு நிபந்தனைதான் உண்டு. அதைக் கொளுவிக்கொள்ளவேண்டும்.

2013 மே 5ஆம் திகதி இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில், பாட்ஸ்ரோ என்ற கரையோர ஊருக்கு அருகிலுள்ள கமெல் ஆற்று முகத்துவாரத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் சென்ற சுமார் 8 மீற்றர் நீளமான அதிவேகப் படகொன்று திடீரென வெட்டித் திரும்பியது. ஆறு பேரும் நீரில் எறியப்பட்டனர். நிறுத்துக் கயிறு படகில் இருந்தது, ஆனால் ஓட்டியவரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமிட்டு, நீரில் தத்தளித்தவர்கள்மீது ஏறிச் சென்றது. இருவர் உயிரிழந்தனர், அவர்களில் ஒருவர் சிறுமி. மேலும் இருவர் கடுமையாகக் காயமடைந்தனர். இன்னொரு படகில் விரைந்துவந்த உள்ளூர்வாசி ஒருவர் சுழன்றுகொண்டிருந்த படகில் பாய்ந்து அதை நிறுத்தினார். பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையை வாசித்தபோது, 21 ஆண்டுகளுக்கு முன்னர் கேட்ட அந்த இயந்திர ஒலி மீண்டும் என் காதில் விழுந்தது. அவர்களிடம் கயிறு இருந்தது. எங்களிடம் அதுகூட இருக்கவில்லை. இரண்டு படகுகளும் ஒரே விதமாகத்தான் சுழன்றன.

ஐக்கிய அமெரிக்காவில் இதற்குச் சட்டம் வந்தது. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி முதல், 26 அடிக்குக் குறைந்த உல்லாசப் படகுகளில், ஏறக்குறைய மூன்று குதிரைவலுவும் அதற்கு மேலும் சக்தி கொண்ட இயந்திரத்தை வேகமாக ஓட்டும்போது நிறுத்துக் கயிற்றையோ அதற்கு ஈடான கம்பியில்லாக் கருவியையோ அணிந்திருப்பது கட்டாயமாக்கப்பட்டது. எவின்ரூட்டின் முதல் இயந்திரம் வெளிவந்து 112 ஆண்டுகள் கழித்து!

பெரிய கப்பல்களும் சிறிய தூக்கமும்

பெரிய கப்பல்களில் ஆளில்லாத சுக்கான் வேறொரு வடிவில் வந்தது. 1922இல் நிக்கொலஸ் மினோர்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியியலாளர், தேர்ந்த சுக்கானி ஒருவர் எவ்வாறு இயங்குகிறார் என்பதைக் கணிதமாக எழுதினார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது என்பவற்றையும் சேர்த்தே கையை அசைக்கிறார் என்று காட்டினார். இன்றைய தொழிற்சாலைகளின் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்தக் கணிதமே. அதே 1920களில் எல்மர் ஸ்பெரியின் தானியங்கிச் சுக்கான் கப்பல்களில் ஏறியது. மாலுமிகள் அதை 'மெட்டல் மைக்' என்று அழைத்தனர். சுக்கானியின் கை ஓய்வுபெற்றது. அடுத்து அவரது கண்ணும் ஓய்வுபெறத் தொடங்கியதே பிரச்சினை.

இரவுக் காவலில் தனியே இருக்கும் அதிகாரி தூங்கிவிட, கப்பல் நேர்கோட்டில் சென்று கரையேறிய சம்பவங்கள் பல. ஆகவே காவல் எச்சரிக்கைக் கருவி என ஒன்றைச் சர்வதேச கடல்சார் அமைப்பு கட்டாயமாக்கியது. 2009இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் 2011இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 3 முதல் 12 நிமிடங்களுக்குள் அதிகாரி ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் முதலில் ஒளி, 15 செக்கன்களில் கட்டளை மேடையில் ஒலி, மேலும் 15 செக்கன்களில் கப்பல் தலைவரையோ மாற்று அதிகாரியையோ எழுப்பும் ஒலி.

நல்ல ஏற்பாடு. ஆனால் 2015 பெப்ரவரி 18ஆம் திகதி அதிகாலை 'லிஸ்பிளிங்க் சீவேய்ஸ்' என்ற சரக்குக் கப்பல் ஸ்கொட்லாந்தின் கில்கோன் அருகே முழு வேகத்தில் கரையில் ஏறியபோது, தனியே காவலில் இருந்த அதிகாரி மதுபோதையில் இருந்தார். எச்சரிக்கைக் கருவி இயக்கப்பட்டிருக்கவில்லை. கொளுவப்படாத கயிறும் இயக்கப்படாத கருவியும் ஒன்றே.

இன்னொரு வகை விபத்து இதைவிட விசித்திரமானது. சுக்கானில் ஆள் இருப்பார், ஆனால் சுக்கான் அவரிடம் இராது. 1967 மார்ச் 18ஆம் திகதி 'ரொரி கன்யன்' எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், சுக்கானி சக்கரத்தைத் திருப்பினார். கப்பல் திரும்பவில்லை. சுக்கானின் செயற்பாட்டைத் தெரிவுசெய்யும் நெம்புகோல் தவறான நிலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது காலம் கடந்துவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஓகஸ்ட் 21ஆம் திகதி அதிகாலை, சிங்கப்பூர் நீரிணையை அணுகிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜோன் எஸ். மக்கெய்ன்' இதே கதையைத் தொடுதிரையில் மீண்டும் நடத்தியது. சுக்கானி ஒருவரே திசையையும் வேகத்தையும் கவனிக்கத் திணறுவதைக் கண்ட தளபதி, வேகத்தைப் பக்கத்து இருக்கையிலுள்ளவரிடம் மாற்றுமாறு கட்டளையிட்டார். திரையில் செய்த மாற்றத்தில் சுக்கானும் சேர்ந்து மாறிவிட்டது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. கப்பல் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகச் சுக்கானி அறிவித்தார். வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது, இரட்டை விசிறிகளின் வேகப்பிடிகள் திரையில் ஒன்றோடொன்று இணைக்கப்படாதிருந்ததால், இடப்புற விசிறி மட்டும் வேகம் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் இழுபட்டு 'அல்னிக் எம்சி' என்ற எண்ணெய்த் தாங்கிக் கப்பலின் பாதையில் குறுக்கிட்டது. எல்லாம் நடந்து முடியச் சுமார் மூன்று நிமிடங்கள். பத்து மாலுமிகள் உயிரிழந்தனர். 2019இல் அமெரிக்கக் கடற்படை, அவ்வகைக் கப்பல்களில் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை நீக்கி, கையால் பிடித்துத் தள்ளும் பழைய முறைப் பிடிகளையே மீண்டும் பொருத்தப்போவதாக அறிவித்தது. பித்தளைத் தந்தியின் காலத்தில் கட்டளை எங்கே போகிறது என்பதைக் கண்ணால் காண முடிந்தது. அந்தத் தெளிவுக்குத் திரும்பிச் செல்லப் பத்து உயிர்கள் தேவைப்பட்டன.

நிற்பதற்கு ஓர் இடம்

இவ்வளவும் எழுதியபின் கிளாலிப் படகோட்டிக்கு நான் நியாயம் செய்யவேண்டும். கை விட்டால் நிற்கவேண்டும் என்ற விதிக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. நிற்பது ஓடுவதைவிடப் பாதுகாப்பானது என்பதே அது. பாட்ஸ்ரோவில் அது உண்மை. 1992இன் கிளாலியில் அது உண்மையாக இருக்கவில்லை. அவர் வேகப்பிடியைக் கட்டியது அறியாமையால் அன்று. நின்றுபோன படகுகளுக்கு என்ன நடந்தது என்பதை அறிந்திருந்தமையால்தான். ஒரு பாதுகாப்புக் கருவி பயன்படவேண்டுமாயின், நின்று மூச்சுவிடக்கூடிய ஓர் இடம் முதலில் இருக்கவேண்டும். அது அப்போது எங்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் இப்போது இருக்கிறது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் வடபகுதிக் கடற்கரையொன்றில் ஒரு பைபர் வள்ளத்தில் ஏறினேன். இயந்திரம் புதியது. சிவப்புக் கயிறும் இருந்தது. அதன் கவ்வி ஆளியில் செருகப்பட்டு, மறுமுனை இயந்திரத்தின் கழுத்திலேயே சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. படகை ஓட்டியவர் கடலில் விழுந்தாலும் அந்தக் கயிறு இழுபடாது.

"ஏன் தம்பி இதைக் காலில கொளுவேல்லை?" என்று கேட்டேன்.

"ஐயா, தனியத் தொழிலுக்குப் போற ஆள் நான். வலையைப் பாக்கவேணும், தண்ணி இறைக்கவேணும். ஒவ்வொருக்காலும் எழும்ப இஞ்சின் நிண்டா என்னெண்டு தொழில் செய்யிறது?"

இதிலும் நியாயம் இருக்கிறது. இக்கருவியை வடிவமைத்தவர்கள் ஆசனத்தில் அமர்ந்து ஓட்டும் உல்லாசப் படகோட்டியை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள், நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் பிழைக்கும் கடற்றொழிலாளியை நினைக்கவில்லை. கம்பியில்லாக் கருவிகள் இக்குறையைப் போக்கக்கூடும். அவற்றின் விலை அவர் கைக்கு எட்டவேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வலையருகே மெதுவாக ஊர்ந்து தொழில் செய்யும்போது அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கரைக்கும் தொழிலிடத்துக்கும் இடையில் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் அவர் எழும்பவேண்டிய தேவை இல்லை. ஆட்களை ஏற்றிச் செல்லும்போது அறவே இல்லை. அந்த நேரத்திலேனும் கயிறு காலில் இருக்கலாம். அமெரிக்கச் சட்டமும் வேகமாக ஓடும் நேரத்துக்கு மட்டுமே அதைக் கேட்கிறது.

நான் அன்று இதையே அந்த இளைஞரிடம் சொன்னேன். கிளாலிக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, இயந்திரத்தின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தமது காலில் கொளுவினார். என்னைத் திருப்திப்படுத்தச் செய்தாரா, கதையை நம்பிச் செய்தாரா தெரியாது. கரை திரும்பும்வரை அது அங்கே இருந்தது.

கிளாலியில் விழுந்தெழுந்த அந்தச் சிறுவனின் பெயர் எனக்குத் தெரியாது. பூநகரிக் கரையில் தாயின் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இருந்ததைக் கண்டதே கடைசி. இன்றிருந்தால் நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். இதை வாசிப்பவர்களில் படகு வைத்திருப்பவர்கள், படகில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்கள் இருப்பின், அடுத்த முறை இயந்திரத்தை இயக்குமுன் அந்தச் சிவப்புக் கயிறு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.